சம்பவ இட 3டி ஸ்கேனில் கோளாறா? மஞ்சள் டேப்பை அவிழ்க்கும் முன் பாருங்கள்

மஞ்சள் டேப் இன்னும் கட்டியிருக்கிறதா? சம்பவ இடத்து ஸ்கேனில் ஏதோ சரியில்லை என்று யார் போன் செய்தாலும் நான் முதலில் கேட்பது இதைத்தான். டேப் கட்டியிருந்து, வாசலில் காவலர் நின்றுகொண்டிருந்தால் பெரும்பாலான கோளாறுக்கு ஒரே மருந்துதான்: ஸ்டாண்டை மறுபடி ஊன்றி இன்னொரு ஸ்கேன் எடுப்பது. சில நிமிட வேலை. டேப்பை அவிழ்த்து, தரையைக் கழுவி, வீட்டுக்காரர்கள் உள்ளே வந்துவிட்டால் அப்புறம் கையில் இருக்கும் புள்ளிகளை வைத்துத்தான் எல்லாம். பதிவாகாத புள்ளியை எந்த மென்பொருளாலும் நேர்மையாக வரவழைக்க முடியாது.

அதனால் ஒவ்வொரு கோளாறிலும் எதை அங்கேயே பார்க்க வேண்டும், எதை அலுவலகத்துக்கு வந்து பார்த்துக்கொள்ளலாம் என்று சேர்த்தே சொல்கிறேன். ஃபாரோ ஃபோகஸ், லைக்கா ஆர்டிசி360 போல ஸ்டாண்டில் நிற்கும் லேசர் ஸ்கேனரை மனதில் வைத்து எழுதியது இது. உள்ளே ஒரு கண்ணாடி வேகமாகச் சுழன்று லேசரை மேலும் கீழும் வீசும், தலை மெல்லத் திரும்பும், நொடிக்குப் பத்து லட்சம் முதல் இருபது லட்சம் புள்ளிகளின் தூரம் பதிவாகும். போனில் எடுக்கும் ஸ்கேனுக்குத் தனியாக ஒரு பகுதி இருக்கிறது.

எந்தக் கோளாறைப் பார்க்க உட்கார்ந்தாலும் எஸ்டி கார்டில் இருப்பதை முதலில் அப்படியே நகல் எடுத்துவிடுங்கள். கை வைப்பது நகலில் மட்டும். இதை மீறினால் என்ன ஆகும் என்பது ஹேஷ் எண் பற்றிய பகுதியில் வருகிறது.

ஒரே சுவர் இரண்டாகத் தெரிகிறது

அதிகம் வரும் புகார் இது. மேலிருந்து பார்த்தால் ஒரு சுவருக்கு இரண்டு கோடு. எல்லோரும் உடனே 'இணைப்பு சரியில்லை' என்று, பல ஸ்கேன்களை ஒன்றாகப் பொருத்தும் ரிஜிஸ்ட்ரேஷன் பட்டனை மறுபடி அழுத்துகிறார்கள். கொஞ்சம் பொறுங்கள். அந்த இரண்டு கோடும் எப்படி விலகியிருக்கின்றன என்பதிலேயே காரணம் இருக்கிறது.

தரையிலிருந்து ஒரு மீட்டர் உயரத்தில் 3 செ.மீ. கனத்துக்கு ஒரு கிடைமட்டத் துண்டை வெட்டி எடுங்கள். ஒவ்வொரு ஸ்கேனுக்கும் ஒவ்வொரு நிறம் கொடுங்கள். இப்போது பாருங்கள்.

இரண்டு கோடும் எல்லா இடத்திலும் ஒரே அளவு விலகியிருந்தால் ஒரு ஸ்கேன் முழுசாக இடம் தள்ளி உட்கார்ந்திருக்கிறது. பெரும்பாலும் டார்கெட் (ஸ்கேன்களைப் பொருத்த அடையாளமாக வைக்கும் உருண்டை போன்ற குறி) ஒன்று இரண்டு ஸ்கேனுக்கு நடுவே நகர்ந்திருக்கும். வெள்ளை உருண்டையை யாராவது காலால் தட்டி, எடுத்து மறுபடி வைத்திருப்பார்கள். அந்த உருண்டையை மட்டும் கணக்கிலிருந்து நீக்கிவிட்டு இணைத்தால் சரியாகிவிடும். நீக்கியபின் குறைந்தது மூன்று டார்கெட்டாவது மிஞ்ச வேண்டும், அவை ஒரே நேர்கோட்டில் இருக்கக்கூடாது. அதனால்தான் ஆறு வைக்கச் சொல்கிறோம்.

பக்கத்தில் ஒட்டியிருந்து தள்ளிப்போகப்போக விரிந்தால் அது கோணப் பிழை. 0.05 பாகை கோணம் திரும்பியிருந்தால் 20 மீட்டரில் 17 மி.மீ. விலகும். டார்கெட்டுகளை எல்லாம் ஸ்கேனருக்குப் பக்கத்திலேயே குவித்து வைத்ததால் வருவது இது. பரப்பி வைத்திருந்தால் வந்திருக்காது. ரொம்பத் தள்ளி வைப்பதும் உதவாது. ஒரு சுற்றுக்கு 10,240 புள்ளி என்ற அமைப்பில் எடுத்தால் 20 மீட்டரில் புள்ளிகளுக்கு இடைவெளி 12 மி.மீ.; 145 மி.மீ. உருண்டையின் குறுக்கே பன்னிரண்டு புள்ளிதான் விழும்.

ஒரே ஸ்கேனுக்குள்ளேயே சுவர் உடைந்து, ஒரு இடத்தில் சின்னப் படி போலத் தெரிகிறதா? அந்த இடம் ஸ்கேன் தொடங்கிய கோடா என்று பாருங்கள். இந்த வகை ஸ்கேனர்கள் அரைச்சுற்று மட்டுமே திரும்பும். முன்பக்கத்தையும் பின்பக்கத்தையும் ஒரே சமயத்தில் பதிவுசெய்யும். தொடங்கிய கோட்டிலும் அதற்கு நேர் எதிரிலும்தான் ஸ்கேனின் தலையும் வாலும் சந்திக்கின்றன. அங்கே படி விழுந்தால் ஸ்கேன் நடக்கும்போது ஸ்டாண்டு அசைந்திருக்கிறது. மணலிலும் உழுத நிலத்திலும் கால் மெல்ல இறங்குவது வழக்கம். பாலத்தின் மேலும் ரயில் தண்டவாளத்துக்குப் பக்கத்திலும் அதிர்வினால் சுவர் அலைபோல நெளியும். இதை இணைப்பில் சரிசெய்ய முடியாது. அந்த ஸ்கேனை ஒதுக்கிவைத்துவிட்டு, ஸ்டாண்டின் காலுக்குக் கீழே பலகைத் துண்டு வைத்து இன்னொன்று எடுக்க வேண்டும். டேப் இருக்கும்போதே.

கடைசியாக ஒன்று. விலகல் ஒரு கதவில் மட்டும், ஒரு நாற்காலியில் மட்டும் தெரிந்தால் அது பிழையே இல்லாமல் இருக்கலாம். அந்தப் பொருள் உண்மையிலேயே நகர்ந்திருக்கிறது. மூன்றாவது ஸ்கேனுக்கும் நான்காவதுக்கும் நடுவே யாரோ கதவைத் தள்ளியிருக்கிறார்கள். ஸ்கேன் நேரத்தைப் பார்த்து, அப்போது உள்ளே யார் இருந்தார்கள் என்று விசாரித்து எழுதிவையுங்கள். அந்த இரண்டில் ஒன்றைப் பேசாமல் அழிப்பது மட்டும் கூடாது.

பிழை எண் பிரமாதமாக இருக்கிறது, ஆனால் தாழ்வாரம் குட்டையாகிவிட்டது

இரட்டைச் சுவராவது கண்ணுக்குத் தெரிந்துவிடுகிறது. என்னை உண்மையிலேயே பயமுறுத்துவது இதுதான். மென்பொருள் 'சராசரிப் பிழை 1.5 மி.மீ.' என்று பச்சை விளக்குக் காட்டும், படம் சுத்தமாக இருக்கும், எல்லாம் தவறாக இருக்கும்.

டார்கெட் இல்லாமல் ஸ்கேன்களை இணைக்கும்போது மென்பொருள் செய்வது என்ன? ஒரு ஸ்கேனின் ஒவ்வொரு புள்ளிக்கும் மற்றதில் பக்கத்துப் புள்ளியைத் தேடி, இடைவெளி குறையும்படி நகர்த்தி, மறுபடி தேடி, மறுபடி நகர்த்துகிறது. 1992-ல் பெஸ்லும் மெக்கேயும் எழுதிய ஐ.சி.பி. முறை இதுதான், இன்றைய மென்பொருள்களும் இதன் வாரிசுகளே. இந்த முறைக்குத் தெரிந்தது இடைவெளி மட்டும். நீண்ட தாழ்வாரத்தை நினைத்துப் பாருங்கள். இரண்டு பக்கமும் வெறும் சுவர், கீழே தரை, மேலே கூரை. ஒரு ஸ்கேனைத் தாழ்வாரத்தின் நீளவாக்கில் 15 செ.மீ. முன்னே தள்ளினாலும் சுவர் சுவரோடும் தரை தரையோடும் அழகாகப் பொருந்தும். இடைவெளி கூடவே கூடாது. தாழ்வாரம் 15 செ.மீ. குறைந்திருக்கும், பிழை எண் மட்டும் 1.5 மி.மீ.யாகவே நிற்கும்.

லாட்ஜ், விடுதி, அடுக்குமாடிக் குடியிருப்பு ஆகியவற்றில் இதைவிட மோசம். ஒவ்வொரு அறையும் ஒரே அச்சு. நான் பழகிக்கொண்டிருந்த காலத்தில் ஒரு மூன்று மாடிக் கட்டடத்தின் மாடிப்படியைப் பயிற்சிக்காக ஸ்கேன் எடுத்தோம். இரண்டாம் தளத்து லேண்டிங்கை மென்பொருள் முதல் தளத்தின் மேல் கொண்டுபோய்ப் பொருத்திவிட்டது. ஒரே அளவுப் படி, ஒரே ஜன்னல், ஒரே கைப்பிடி. பிழை எண் நன்றாகவே இருந்தது. கட்டடத்துக்கு ஒரு மாடி குறைந்ததைக்கூட நாங்கள் எண்ணிப் பார்த்த பிறகுதான் கவனித்தோம். அன்றிலிருந்து சராசரிப் பிழை எண்ணை மட்டும் வைத்து எந்த ஸ்கேனிலும் நான் கையெழுத்துப் போடுவதில்லை.

15 செ.மீ. என்ன பெரிய விஷயம் என்று கேட்கலாம். முப்பரிமாணப் பதிவின் பெரிய பயனே 'இங்கிருந்து பார்த்தால் அது தெரியுமா' என்ற கேள்விக்கு விடை சொல்வது. ஜெர்மனியின் பவேரியா மாநிலக் குற்றப் புலனாய்வுத் துறை ஆஷ்விட்ஸ் வதைமுகாமை லேசர் ஸ்கேன் செய்து ஒரு மாதிரியை உருவாக்கியது. அங்கே காவலராக இருந்த ரைன்ஹோல்ட் ஹானிங் மீது 2016-ல் டெட்மோல்ட் நீதிமன்றத்தில் நடந்த வழக்கில் அது பயன்பட்டது. காவல் கோபுரத்தில் நின்றவருக்கு என்ன தெரிந்திருக்கும் என்பதை எழுபது வருடம் கழித்து அதை வைத்துப் பார்க்க முடிந்தது. நம் வழக்குகளிலும் அதே கேள்விதான். எதிர்வீட்டு வாசலில் நின்ற சாட்சிக்கு உள்ளறைக் கட்டிலின் கால்மாடு தெரிந்ததா? கதவு நிலை 15 செ.மீ. தள்ளியிருந்தால் விடை தலைகீழாகிவிடும். அந்த விடையில் ஒரு மனிதரின் ஆயுள் தொங்கிக்கொண்டிருக்கலாம்.

என்ன செய்வது? சம்பவ இடத்தில் மூன்று வேலை. தாழ்வாரத்தில் ஸ்கேனர் வைக்கும் இடங்களை நெருக்குங்கள், ஒரு ஸ்கேனில் தெரிவதில் மூன்றில் ஒரு பங்குக்குக் குறையாமல் அடுத்ததிலும் தெரிய வேண்டும். வெறும் சுவரில் கறுப்பு வெள்ளைக் கட்டம் போட்ட செக்கர்போர்டு டார்கெட் ஒட்டுங்கள், தரையில் உருண்டை வையுங்கள் (கைரேகைக்காரர்கள் அந்தச் சுவரை முடித்துவிட்டார்களா என்று கேட்டுவிட்டு). அப்புறம், போன வழியிலேயே திரும்பாமல் வேறு கதவு வழியாகச் சுற்றி வந்து தொடங்கிய இடத்தில் முடியுங்கள். சுற்று மூடும்போது நழுவல் இருந்தால் அங்கே பல்லைக் காட்டிவிடும்.

டேப்பை அவிழ்க்கும் முன் இன்னும் ஒன்று: ஒரு கோடியிலிருந்து மறுகோடிக்கு அளவு டேப்போ கையடக்க லேசர் மீட்டரோ வைத்து ஒரே ஒரு நீண்ட தூரத்தை அளந்து நோட்டில் எழுதுங்கள். ஸ்கேனரோடு தொடர்பே இல்லாத அந்த ஒரு எண் பின்னால் உங்களைக் காப்பாற்றும்.

சுவருக்குப் பின்னால் இல்லாத அறை தெரிகிறது

பீரோக் கண்ணாடி. நம் வீடுகளில் ஆளுயரக் கண்ணாடி வைத்த இரும்பு பீரோ இல்லாத படுக்கையறை குறைவு. லேசர் கண்ணாடியில் பட்டுத் திரும்பி எதிர்ச்சுவரைத் தொட்டுவிட்டு வந்த வழியே திரும்புகிறது. ஸ்கேனருக்கோ கதிர் நேராகப் போனதாகத்தான் கணக்கு. அதனால் கண்ணாடிக்கு 3 மீட்டர் முன்னால் இருக்கும் கட்டில், கண்ணாடிக்கு 3 மீட்டர் பின்னால் போய் உட்கார்ந்துவிடும்.

அது நிழல் அறைதான் என்று உறுதிசெய்ய எளிய வழி: அங்கே தெரியும் தினசரிக் காலண்டரைப் பாருங்கள். எண்கள் இடம்வலம் மாறியிருந்தால் பிம்பம். காலண்டர் இல்லையென்றால் சுவிட்ச் பலகை கதவுக்கு எந்தப் பக்கம் என்று பாருங்கள்.

பாலிஷ் போட்ட கிரானைட், விட்ரிஃபைடு டைல்ஸ் தரை ஆகியவற்றிலும் இதே கதை. இங்கே நிழல் அறை தரைக்குக் கீழே தொங்கும். பக்கவாட்டிலிருந்து பார்த்தால் உடனே தெரிந்துவிடும், வெட்டி ஒதுக்குவதும் சுலபம். ஆபத்து கண்ணாடிக்குப் பின்னால் உண்மையாகவே இன்னொரு அறை இருக்கும்போதுதான். நிழல் கட்டிலும் நிஜ மேசையும் ஒன்றோடொன்று கலந்துவிடும், இணைப்பையும் கெடுக்கும். அப்படிப்பட்ட இடத்தில் முதலில் உள்ளது உள்ளபடி ஒரு ஸ்கேன். பிறகு கண்ணாடியில் கைரேகை எடுத்து முடித்தபின், அதைத் தாளால் மூடி அதே இடத்திலிருந்து இன்னொரு ஸ்கேன். மூடிய நேரத்தைக் குறித்துக்கொள்ளுங்கள். பொருள் நன்றாகப் பதிவாக வேண்டும் என்று வெள்ளைப் பொடி ஸ்பிரே அடிப்பது தொழிற்சாலைப் பழக்கம். சம்பவ இடத்தில் அதை நினைக்கவே கூடாது, அந்தப் பரப்பில் டி.என்.ஏ. இருக்கலாம்.

கறுப்புக் கார், ஈரத் தார் ரோடு: புள்ளியே விழவில்லை

கார் இருக்கவேண்டிய இடத்தில் கார் வடிவத்தில் ஒரு ஓட்டை. லேசர் திரும்பி வந்தால்தான் புள்ளி. பளபளக்கும் கறுப்பு பெயின்ட் கொஞ்சத்தை விழுங்கிவிட்டு மிச்சத்தை வேறு பக்கம் தெறிக்கவிடுகிறது. ஈரத் தார் ரோடும் அப்படித்தான், அதோடு பல ஸ்கேனர்களின் லேசர் 1550 நானோமீட்டர் அலைநீளம் கொண்டது. தண்ணீர் அதை நன்றாகவே உறிஞ்சும்.

கோணம்தான் இங்கே எல்லாம். தரையை லேசர் படுத்த மாதிரித் தொடாமல் கொஞ்சம் செங்குத்தாகத் தொட வேண்டும். ஸ்டாண்டை உயர்த்துங்கள், பத்து மீட்டருக்கு ஒருமுறை வைத்ததை ஐந்து மீட்டருக்கு ஒருமுறை வையுங்கள். காரைச் சுற்றி நான்கு இடத்துக்குப் பதிலாக எட்டு இடம். தூறல் நின்று ரோடு காயக் காத்திருக்க முடிந்தால் அதைவிட நல்லது வேறில்லை. போக்குவரத்தைத் திறக்கச் சொல்லி நெருக்கடி வரும் என்பது எனக்குத் தெரியும். முடியாதபோது ஓட்டையை ஓட்டையாகவே விட்டுவிடுங்கள். மென்பொருளின் 'ஓட்டையை நிரப்பு' வசதி கலைப்பொருட்களுக்கு, வழக்குக்கு இல்லை.

ரத்தக் கறையைக் காணோம், குண்டு பட்ட துளை தெரியவில்லை

கண்ணுக்குப் பளிச்சென்று தெரிந்த கறை, சாம்பல் நிற ஸ்கேன் படத்தில் மறைந்துபோயிருக்கும். அந்தப் படம் லேசர் எவ்வளவு திரும்பி வந்தது என்பதைக் காட்டும் படம். அகச்சிவப்பு ஒளியில் ரத்தம் நம் கண்ணுக்குத் தெரிகிற அளவு இருட்டாக இருப்பதில்லை. ஈரமாக இருப்பதும் காய்ந்ததும்கூட வேறு வேறு மாதிரித் தெரியும். எனவே கறைக்குச் சாட்சி கேமராதான். அளவுகோல் வைத்து, நேர் மேலிருந்து எடுத்த நெருக்கமான புகைப்படங்களைப் பின்னால் புள்ளித்திரளின் (ஸ்கேனில் பதிவான புள்ளிகளின் தொகுப்பு) மேல் பொருத்திக்கொள்ளலாம். அதற்கு ஒவ்வொரு படத்திலும் ஸ்கேனிலும் தெரிகிற நான்கு குறிகளாவது வேண்டும், முன்கூட்டியே ஒட்டுங்கள்.

துளையின் விஷயம் கணக்கு. முன்பு சொன்ன அதே அமைப்பில் 10 மீட்டரில் புள்ளி இடைவெளி 6 மி.மீ. ஒன்பது மி.மீ. துளைக்குள் ஒரு புள்ளி விழலாம், இரண்டு விழலாம். அதை வைத்துத் துளையின் மையத்தைச் சொல்ல முடியாது. துளைக்கு இரண்டு மீட்டரில் ஸ்கேனரை வைத்து அந்தப் பகுதியை மட்டும் நெருக்கமாக எடுங்கள்.

குண்டு வந்த பாதையைக் கணக்கிடும்போது இன்னும் கவனம் வேண்டும். 35 மி.மீ. கனமுள்ள கதவில் உள்நுழைந்த துளை, வெளியேறிய துளை இரண்டின் மையத்தை இணைத்துக் கோடு போடுகிறீர்கள். ஒரு மையத்தில் ஒரே ஒரு மி.மீ. பிழை. ஐந்து மீட்டர் பின்னால் நீட்டினால் 14 செ.மீ. விலகல், இரண்டிலும் பிழை எதிரெதிராக இருந்தால் 28. சுட்டவர் நின்றாரா, உட்கார்ந்திருந்தாரா என்ற வாதத்தையே இது மாற்றிவிடும். அதனால் துளை வழியாகப் பாதைக் கம்பியைச் செருகி, கம்பி வெளியே நீட்டிக்கொண்டிருக்கும் நீளத்தையே ஸ்கேன் எடுங்கள். கோடு போட ஆதாரமாக இருக்கும் நீளம் 35 மி.மீ.யிலிருந்து அரை மீட்டராக நீண்டுவிடும். கம்பி துளையில் எவ்வளவு ஆடுகிறது என்பதையும் அளந்து எழுதுங்கள். அறிக்கையில் ஒற்றைக் கோட்டுக்குப் பதிலாக அந்த ஆட்டம் அளவுக்கு விரியும் ஒரு கூம்பு காட்டுவதுதான் நேர்மை.

பொருட்களின் ஓரத்தில் வால் முளைத்திருக்கிறது

லேசர் கற்றைக்குத் தடிமன் உண்டு. மேசை விளிம்பில் பாதி, பின்சுவரில் பாதி விழுந்தால் கருவி இரண்டுக்கும் நடுவே ஒரு பொய்த் தூரத்தைப் பதிகிறது. வடிகட்டி போட்டால் போய்விடும். பயப்பட ஒன்றுமில்லை. விளிம்பிலிருந்து விளிம்புக்கு அளக்காமல், பரப்புக்கு ஒரு தளம் பொருத்தி அந்தத் தளங்கள் வெட்டும் கோட்டிலிருந்து அளந்தால் போதும்.

நிறம் தள்ளி விழுந்திருக்கிறது, பாதி ஆள் நிற்கிறார்

ஸ்கேனர் முதலில் லேசரால் அளந்துவிட்டு, பிறகு இன்னொரு சுற்றில் நிறத்துக்குப் படம் எடுக்கிறது. நடுவில் யாராவது நடந்தால் அவர் சட்டை நிறம் சுவரில் ஒட்டிக்கொள்ளும். லேசர் சுற்றில் நடந்தவர் கீற்றுக் கீற்றாக நிற்பார். அவரை நகலில் நீக்கலாம், ஆனால் அந்த நிமிடம் உள்ளே போனவர் பெயர் வருகைப் பதிவேட்டில் இருக்கிறதா என்று பாருங்கள். இருட்டிலும் லேசர் அளக்கும், நிறம்தான் வராது. விளக்குப் போடுவதென்றால் தொடக்கம் முதல் முடிவு வரை ஒரே மாதிரி இருக்கட்டும்.

மின்விசிறி ஓடிக்கொண்டிருந்தால் மேலே ஒரு சிதறிய வட்டு தெரியும். அதை அணைக்க எல்லோருக்கும் கை துறுதுறுக்கும். அணைக்கும் முன் ஒரு படம் எடுங்கள், ரெகுலேட்டர் எந்த எண்ணில் இருந்தது என்று எழுதுங்கள், கைரேகைக்காரரிடம் சொல்லிவிட்டு விரலால் தொடாமல் அணையுங்கள். விசிறி ஓடியதும் ஓடாததும் உடல் குளிர்ந்த வேகத்தைக் கணக்கிடுபவருக்கு முக்கியம்.

ஸ்கேன் முழுக்க மங்கல், அல்லது கருவி பாதியில் நின்றுவிட்டது

ஏசி காரிலிருந்து இறக்கியதும் ஸ்கேன் தொடங்கினீர்களா? கடலோரப் புழுக்கத்தில் குளிர்ந்த கண்ணாடியில் பனி படிந்துவிடும், அதன் வழியாக எல்லாமே இரைச்சலாகப் பதிவாகும். பெட்டியைத் திறந்து நிழலில் கால் மணி நேரம் வைத்துவிட்டு எடுங்கள். சட்டை நுனியால் துடைக்காதீர்கள். நிற்பது பெரும்பாலும் சூட்டினால். பழைய மாடல்கள் சிலவற்றுக்கு 40 பாகைதான் எல்லை. சித்திரை வெயிலில் குடை பிடிக்க ஒருவரை நிறுத்துங்கள். அவர் எங்கே நிற்பார் என்பதையும் யோசித்து நிறுத்துங்கள்.

அளவு டேப் ஒன்று சொல்கிறது, ஸ்கேன் ஒன்று சொல்கிறது

முதலில் டேப்பைச் சந்தேகியுங்கள். துணி டேப் இழுத்த இழுப்புக்கு நீளும். இரும்பு டேப் நடுவில் தொய்யும். 20 பாகையில் சரிபார்த்த 10 மீட்டர் டேப் 40 பாகை வெயிலில் 2 மி.மீ.க்கு மேல் நீண்டிருக்கும். வித்தியாசம் அந்த அளவுக்குள் இருந்தால் கவலை வேண்டாம்.

சில செ.மீ. வித்தியாசமா? ஒரே ஸ்கேனுக்குள் தெரியும் இரண்டு புள்ளிகளுக்கு நடுவே அளந்து பாருங்கள். அது சரியாக வந்து, வேறு வேறு ஸ்கேனில் உள்ள புள்ளிகளுக்கு நடுவே மட்டும் தவறினால் இணைப்பில் கோளாறு, இரண்டாம் பகுதிக்குத் திரும்புங்கள். ஒரே ஸ்கேனுக்குள்ளும் தவறினால் கருவியின் சரிபார்ப்பைப் பார்க்க வேண்டும்.

இந்தக் குழப்பமே வராமல் இருக்க ஒவ்வொரு சம்பவ இடத்திலும் நீளம் தெரிந்த ஒரு கோலை ஸ்கேனில் விழும்படி வையுங்கள். என்.ஏ.பி.எல். (ஆய்வகங்களுக்கு அங்கீகாரம் தரும் தேசிய வாரியம்) அங்கீகாரம் பெற்ற ஆய்வகத்தில் அளந்து சான்று வாங்கிய ஒரு மீட்டர் கோல் போதும். கருவியின் சான்றிதழ் போன வருடம் அது சரியாக இருந்ததைச் சொல்லும். கோல்தான் அன்று, அந்த அறையில், அது சரியாக அளந்ததைச் சொல்லும்.

போனில் எடுத்தது, அறை மூடவில்லை

2020-ல் ஐபோன் 12 ப்ரோவில் லைடார் (லேசரால் தூரம் அளக்கும் உணரி) வந்தபிறகு இது கூடிவிட்டது. எட்டும் தூரம் சுமார் 5 மீட்டர். கையில் பிடித்து நடக்கும்போது போன் தன் இடத்தைத் தானே ஊகித்துக்கொண்டு போகிறது, ஊகப் பிழை சேர்ந்துகொண்டே வருகிறது. சுற்றி வந்து தொடங்கிய மூலையில் சேர்ந்தால் சுவர் ஒரு சாண் தள்ளி நிற்கும். வேறு கருவியே இல்லாதபோது அறை அறையாகத் தனித்தனியாக எடுங்கள், ஒவ்வொன்றிலும் அளவுகோல் வையுங்கள். பொருட்கள் எங்கெங்கே கிடந்தன என்று காட்ட அது உதவும். குண்டின் பாதைக்கும் பார்வைக் கோட்டுக்கும் நான் அதை நம்பமாட்டேன்.

ஹேஷ் எண் மாறிவிட்டது

ஹேஷ் என்பது கோப்பின் கைரேகை போன்ற எண், கோப்பில் ஒரு எழுத்து மாறினாலும் அது மாறிவிடும். விசாரணையின்போது இது தெரியவந்தால் மற்ற எல்லா உழைப்பும் வீண். பெரும்பாலும் யாரும் எதையும் திருத்தியிருக்கமாட்டார்கள். மூலக் கோப்புறையை மென்பொருளில் ஒருமுறை திறந்திருப்பார்கள், அவ்வளவுதான். சில மென்பொருள்கள் திறந்ததுமே அந்தக் கோப்புறைக்குள் முன்னோட்டப் படம், அமைப்புக் கோப்பு என்று எழுதிவிடும்.

அதனால் சம்பவ இடத்திலேயே எஸ்டி கார்டை எழுதவிடாமல் பூட்டி, எஸ்.எச்.ஏ-256 ஹேஷ் எடுத்து, கோப்பு வாரியாக நோட்டில் சேருங்கள். முழுக் கோப்புறைக்கும் ஒரே ஹேஷ் என்று எடுத்தால் பின்னால் எது மாறியது என்று சொல்ல முடியாது. கோப்பு வாரியாக இருந்தால், புதிதாகச் சேர்ந்தது முன்னோட்டப் படம்தான், ஸ்கேன் கோப்புகள் அப்படியே இருக்கின்றன என்று காட்டிவிடலாம். பல வருடம் கழித்தும் திறக்கவேண்டும் என்பதற்காக ஈ57 வடிவத்திலும் ஒரு பிரதி வையுங்கள். எந்த நிறுவனத்துக்கும் சொந்தமில்லாத பொது வடிவம் அது. அதன் ஹேஷ் மூலத்தின் ஹேஷிலிருந்து வேறாகத்தான் இருக்கும், இரண்டையும் எழுதுங்கள்.

2024 ஜூலை 1 முதல் நடைமுறையில் இருக்கும் பாரதிய சாக்ஷ்ய அதினியத்தின் (புதிய சாட்சியச் சட்டம்) 63-ஆம் பிரிவு மின்னணுப் பதிவுகளுக்குக் கேட்கும் சான்றிதழில் ஹேஷ் எண்ணுக்கும் அதைக் கணக்கிட்ட முறைக்கும் இடம் இருக்கிறது. முதல் பாகத்தைப் பதிவைத் தாக்கல் செய்பவரும், இரண்டாம் பாகத்தை நிபுணரும் நிரப்ப வேண்டும். பழைய சாட்சியச் சட்டத்தின் 65பி சான்றிதழ் கட்டாயம் என்று உச்ச நீதிமன்றம் அர்ஜுன் பண்டித்ராவ் கோட்கர் வழக்கில் 2020-லேயே சொல்லிவிட்டது. ஏழு ஆண்டும் அதற்கு மேலும் தண்டனைக்குரிய குற்றங்களில் தடய அறிவியல் நிபுணர் நேரில் வரவேண்டும், வீடியோ எடுக்கவேண்டும் என்கிறது புதிய குற்றவியல் நடைமுறைச் சட்டத்தின் 176(3) பிரிவு. அதை முழுமையாக அமல்படுத்த மாநிலங்களுக்கு ஐந்து ஆண்டு அவகாசம் தரப்பட்டிருக்கிறது. ஸ்கேன் எடுத்துவிட்டோம் என்று அந்த வீடியோவை விட்டுவிடாதீர்கள். கருவியை எங்கே வைத்தீர்கள், எந்தக் கண்ணாடியை எப்போது மூடினீர்கள் என்பதற்கும் அதுவே சாட்சி.

பார்வை மகஜரில் 12 அடி, ஸ்கேனில் 11 அடி 5 அங்குலம்

சம்பவ இடத்தைப் பார்த்து போலீஸ் எழுதும் பதிவுதான் பார்வை மகஜர். இப்படி வந்ததும் விசாரணை அதிகாரி 'ஏதாவது ஒன்றை மாற்றிவிடலாமா' என்று பதற்றத்தில் கேட்கக்கூடும். இரண்டையும் தொடாதீர்கள். மகஜர் எழுதியவர் எங்கிருந்து எங்கே அளந்தார் என்று கேளுங்கள். பெரும்பாலும் அவர் நிலைப்படியின் வெளிவிளிம்பிலிருந்து அளந்திருப்பார், நீங்கள் உள்சுவரிலிருந்து அளந்திருப்பீர்கள். ஸ்கேனில் அதே வெளிவிளிம்பிலிருந்து அளந்து பாருங்கள். 12 அடிக்கு ஓர் அங்குலம் முன்பின்னாக வந்தால் விஷயம் அங்கே முடிந்தது. இரண்டு அளவும், இரண்டு தொடக்கப் புள்ளியும் படத்தோடு அறிக்கையில் போகட்டும்.

வரவில்லையென்றால் அந்த வித்தியாசத்தையும் அப்படியே எழுதிக் கையெழுத்துப் போடுங்கள். மாதிரி வரைபடத்துக்குப் பக்கத்தில் ஸ்கேனிலிருந்து எடுத்த தளப்படத்தை வையுங்கள், கோலின் அளவை வையுங்கள், அன்று நோட்டில் எழுதிய அந்த ஒரு நீண்ட தூரத்தை வையுங்கள். குறுக்கு விசாரணையில் அதைப் பற்றிக் கேட்பார்கள். கேட்கட்டும்.